துணியில் எறும்பு

எனக்குத் தையல் நன்றாக வரும், சார். துணி வெட்டத்தான் வராது. எங்கள் கடையில் அண்ணன் வெட்டுவார், நான் தைப்பேன். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. இரண்டு குடும்பத்துக்கும் அவர் கைதான் சோறு.

போன வருடம் அந்தக் கை நடுங்கத் தொடங்கியது. நடுக்குவாதம் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். நடுக்கம் குறைந்தது, நிற்கவில்லை. கோட் தைக்க வந்த துணி ஒன்று கோணலாகப் போனதும் அண்ணன் கத்தரியைக் கீழே வைத்தார். "இனிமே நீயே வெட்டக் கத்துக்கடா."

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் மூலிகைப் பொடி விற்கிறார். பொட்டலத்தில் பேர் கிடையாது. "வேளைக்கு அரை ஸ்பூன். பச்சிலைதானே, ஒண்ணும் பண்ணாது" என்றார். அண்ணனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அதனால் டீயில் கலந்தேன். நாலாம் நாள் நடுக்கமே இல்லாமல் கத்தரி வழுக்கிக்கொண்டு ஓடியது. அண்ணன் சிரித்தே ரொம்ப நாளாகியிருந்தது; அன்று சிரித்தார். பள்ளிச் சீருடை ஆர்டரை அந்தத் தைரியத்தில்தான் பிடித்தேன். அரை ஸ்பூன் மூன்று ஸ்பூனானது.

ஒரு மத்தியானம், "தம்பி, துணி பூரா எறும்புடா" என்றார். வெறும் வெள்ளைத் துணி.

"தட்டிவிட்டுட்டேண்ணே, வெட்டுங்க."

கண்ணில் நீர் வழிய வெட்டினார். கோடு பிசகவில்லை. அப்புறம் தினமும் தட்டிவிட்டேன். ஒருநாள் பொடி தீர்ந்துபோனது. அன்று எறும்பு வரவில்லை, கையும் வரவில்லை. இரண்டுமே பொடியின் வேலைதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் போய் வாங்கி வந்தேன்.

எறும்பு தோலுக்குள் போய்விட்டது என்று அவர் கத்தரியைத் தன் முழங்கையில் இறக்கிய பிறகுதான் மருத்துவமனை. "வேற மருந்து, நாட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அங்கே டீயில் கலக்க வழியில்லை, பொடி நின்றது. மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்து, உடம்பு கட்டையாக விறைத்தது. "எதையோ திடீர்னு நிறுத்தியிருக்காங்க. எதுன்னு தெரிஞ்சா காப்பாத்தலாம்" என்று டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் இல்லை என்றேன். சொன்னால் பொடியைப் பிடுங்கிவிடுவார்கள். சீருடை பாதி பாக்கி.

இப்போது அண்ணன் கண் திறந்திருக்கிறது, யாரையும் பார்ப்பதில்லை. மூளை போய்விட்டதாம்.

நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் அஞ்சு நிமிஷம் அவர் அறைக்குள் விடுங்கள், சார். ஒரே ஒரு ஸ்பூன் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார்.