மாற்று ஆள் வராத சிப்பாய்

எனக்கு எழுபத்து மூன்று வயது, ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். கவரைப்பேட்டையில் என் ரயில் பெட்டியில் ஏறிய இரண்டு கம்பெனிப் பையன்கள், மேசையில் ஆடும் போர் விளையாட்டின் பொம்மைச் சிப்பாய்களைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினார்கள்.

"கதையில இவனுங்கள லேப்ல ஜீன மாத்தி வளத்தாங்க மச்சான். பயந்து ஓடவே மாட்டானுங்க" என்றான் அந்தப் பொம்மைகளுக்குச் சொந்தக்காரன்.

"அப்ப நான் எப்பிடிடா ஜெயிக்கிறது? ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்கு நான் வரல, போ."

"பேஜார் பண்ணாதடா. நீ வரலன்னா நான் யார்கூட ஆடறது?"

பொம்மைக்குச் சொந்தக்காரன் ஒரு சிப்பாயை எடுத்து இருக்கையில் நிறுத்தினான்.

"சரி, ஒரு ரூல் வெச்சிக்கலாம். சொன்ன பேச்ச தட்டாதவனுங்கதான? நம்ம ஷிப்ட் மாதிரி, மாத்து ஆளு வராம எடத்த உட்டு நகரக்கூடாது."

"வரலன்னா?"

"டபுள் டூட்டி. அங்கியே நிப்பான்."

"அய்யோ பாவம்! நான் பின்னால சுத்திக்கினு வந்து அடிப்பேன்."

"அடிச்சிக்கோ!"

பெட்டியே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்கள்.

"அப்ப ஞாயித்துக்கெழம காலைல நாஷ்டாவே உங்க ஊட்லதான்டா" என்றான் வரமாட்டேன் என்றவன்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதினாயே, இதைச் சத்தமாகப் படி, கேட்கிறேன்.