கறுப்பு வெள்ளை கேமரா

இப்போதெல்லாம் வாடகைக்கு வருகிறவர்கள் அடுக்களையைப் பார்ப்பதில்லை, கிணற்றைப் பார்ப்பதில்லை. நேரே மொட்டை மாடிக்கு ஏறுகிறார்கள். எபிசனும் அப்படித்தான் வந்தான். கல்லூரியில் லேப் வேலை. கூடவே மனைவி ஸ்மைலின், ஒரு டெலஸ்கோப். திற்பரப்பில் என் வீட்டு மாடியில் நின்றால் அருவி தெரியும், குளிக்கிறவர்களும் தெரிவார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

நட்சத்திரத்தின் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து, அங்கே என்னென்ன கேஸ் இருக்கிறது என்று கண்டுபிடிப்பானாம். வீட்டு அடுப்பில் கேஸ் தீர்ந்ததை ஸ்மைலின்தான் கண்டுபிடிப்பாள்.

அதற்கு ஒரு கேமரா வேண்டும். எதை வாங்குவது என்று மாதக்கணக்கில் யோசித்தான். உள்ளே இருக்கிற புள்ளி பெரிதானால் நெருங்கிய கோடுகள் ஒன்றாகிவிடுமாம், சிறிதானால் வெளிச்சம் போதாதாம். அதைக் குளிரவைக்க உள்ளேயே ஒரு ஏற்பாடு வேண்டுமாம். நான் ஃபேன் இல்லாமல் படுக்கிறவன். போகட்டும். கடைசியில் அவன் தேர்ந்தெடுத்தது கறுப்பு வெள்ளை. அதுவும் கலரைவிட விலை கூடியது.

"நெறத்தப் பாக்க கறுப்பு வெள்ளையா? யாருகிட்ட கத விடுத, மக்கா?" என்றேன்.

"பாட்டா, கலர்ல ஒவ்வொரு புள்ளிக்கு மேலயும் செவப்பு, பச்ச, நீலம்ணு கண்ணாடி உண்டு. பாதி வெளிச்சம் அங்கயே நிண்ணு போவும். நான்தான் நெறத்தப் பிரிச்சு விடுதேனே. எந்த எடத்துல விழுதோ, அதுதான் நெறம்."

"கலர் டிவி வந்தப்பொறவு கறுப்பு வெள்ளைய கூட வெல குடுத்து எவன்லே வாங்குனான்?"

"ஒங்களுக்குப் புரியவச்சா, ராக்கெட் விடுதவனுக்கே கிளாஸ் எடுக்கலாம்" என்று சிரித்தான்.

நான் கீரிப்பாறையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன். படிப்பில்லை, ஆனால் பொய் தெரியும். நிறமும் காட்டாத ஒன்றுக்கு விலை கூடுதல் என்றால், வேறெதையோ கூடுதலாகக் காட்டுகிறது என்றுதானே அர்த்தம்? துணிக்குள்ளே தெரிகிற கேமரா உண்டு என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அந்த வாரமே பட்டப்பகலில் குழலை அருவிப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். கேட்டதற்கு, அக்கரை மின்கம்பத்தைப் பார்த்துக் குறியைச் சரிபண்ணுகிறானாம்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யாரை நம்புவது?

மாடியில் நான் ரப்பர் ஷீட் காயப்போடுவேன். பால் உறைய ஊற்றுகிற ஆசிட்டின் வாடை எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு, அதனால் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண் வைத்துக் குறி பார்க்கிற சின்னக் குழலின் விளிம்பில் அந்த ஆசிட்டைத் தடவினேன். நிறைய இல்லை. கேமராவை உடைத்தால் வேறொன்று வாங்குவான்.

வலது கண் போயிற்று. இன்னொன்று இருக்கிறதே என்று ஆஸ்பத்திரியில் யாரோ ஆறுதல் சொன்னார்கள். இடது கண்ணில் அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. எனக்குத் தெரியும். வீடு பேச வந்த அன்றே அவன் சொல்லியிருந்தான்.

இப்போது ஸ்மைலின் உங்கள் மேசையில் ஒரு படத்தை வைத்தாளே, நீங்களும் பார்த்தீர்கள்.

"இது ஒண்ணுதான் அவரு எடுத்தது. நல்லா பாத்துக்கிடுங்க பாட்டா. இதுல எந்தப் பொம்பள குளிக்கா?" என்றாள். அழவில்லை. "இனி இத நான் சொல்லித்தான் அவரு பாக்கணும்."

பார்த்தேன். கறுப்பில் ஒரு வெள்ளைப் பட்டை, குறுக்கே சில கோடுகள். நட்சத்திரமாம். நட்சத்திரம் பட்டையாகவா இருக்கும்?

"மத்த படமெல்லாம் எங்க, ஏட்டி?" என்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒன்றும் இல்லையென்றால் சொல்லியிருப்பாளே.

எழுதி முடித்தாயிற்றென்றால் நான் எழுந்திருக்கிறேன், சார். லாக்கப் எந்தப் பக்கம் என்று காட்டுங்கள். நானே நடந்து போய்க்கொள்வேன்.