ஒரு கலராவது குடிச்சிட்டுப் போங்க

இல்லண்ணே, நீங்க வழி தப்பி வரல. தண்ணித் தொட்டியத் தாண்டி வலது பக்கம் திரும்புனா அந்தத் தெருதான். நான் சொல்றது, அங்க போக வேணாம்னு சொல்றேன். அந்த ஒரு தெருவ மட்டும் விட்டுட்டு நேரா போயிடுங்க. ஸ்பீக்கர இப்பப் போடாதீங்க, கும்பிட்டுக் கேக்குறேன், ஒரு அஞ்சு நிமிஷம்.

ஏன்னா, அது வந்து, அங்க ஒரு வீட்ல கைக்குழந்த தூங்குது. என்ன? காலைலேர்ந்து எந்தக் குழந்தையும் முழிச்சு அழலையா? சரி விடுங்க. குழந்த மட்டும் இல்லண்ணே, பக்கத்து வீட்ல ஒரு நெஞ்சுவலிக்காரரு இருக்காரு. சத்தம்னாலே ஆகாது. ஏண்ணே சிரிக்கிறீங்க? ஆமா, பொய்தான். ரெண்டும் பொய்தான். எனக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தா சேல்ஸ்ல போட்டிருப்பாங்களே, ஆபீஸ்ல உக்கார வெச்சு டைப் அடிக்க விட்டிருப்பாங்களா?

நம்ம கம்பெனிதாண்ணே. விளம்பர வண்டி எந்தெந்தத் தெருவுக்குப் போகணும்னு உங்களுக்கு அடிச்சுக் குடுக்கிறதே நான்தான். அப்ப நீயே அந்தத் தெருவத் தூக்கியிருக்கலாமேன்னு கேப்பீங்க. தூக்கினேன். மேனேஜர் பாத்துட்டு மறுபடி சேத்துட்டாரு. நல்ல பெரிய தெருவாச்சே, ஏன்யா விட்டன்னாரு. மறந்துட்டேன் சார்னு சொல்லிட்டேன். நான் குடியிருக்கிற தெருவ நானே மறந்துட்டேனாம், பாருங்க.

கொஞ்சம் உள்ள ஏறி உக்காந்துக்கவா? வெளிய நின்னா யாராவது தெரிஞ்சவங்க பாத்துடுவாங்க. இந்தப் பெட்டிய அப்படித் தள்ளிக்கிறேன்.

நான் கேக்குறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு? இந்த பாட்டில்ல இருக்கிறதுக்குத்தான். கூல்டிரிங்ஸா? எங்க ஊர்ல சோடாம்போம். செவப்பா இருந்தாலும் சோடா, கறுப்பா இருந்தாலும் சோடா. எங்க ஆபீஸ் கணக்கர் எல்லாத்தையும் ஜூஸுன்னுதான் சொல்வாரு, அதுல ஒரு பழமும் எட்டிக்கூடப் பாத்திருக்காது. வாட்ச்மேன் கேஸுங்கிறாரு. ஒரு கேஸு குடிங்க சார்னு அவரு நீட்டுனா நமக்கு அடுப்பு சிலிண்டர்தான் ஞாபகம் வரும். மத்தியானம் சாப்பிட உக்காந்தா இதேதான் சண்ட. அவனவன் ஊர்ப் பேருதான் பேரு, மத்ததெல்லாம் பட்டிக்காட்டுப் பேச்சு. சரக்கு ஒண்ணுதான், வாய்தான் வேற வேற.

அந்தச் சண்டையிலதாண்ணே நான் எங்க அத்தைய இழுத்துவிட்டேன். அத்தைன்னா வீட்டுக்காரியப் பெத்தவங்க. அவங்க பக்கம் இதுக்குக் கலருன்னு பேரு. கல்யாணம் பேசி முடிச்சு மொத தடவ அவங்க வீட்டுக்குப் போறேன். உக்காந்தது உக்காரல, மாப்ள, என்ன கலரு வேணும்னு கேட்டாங்க. சட்டத் துணி எடுத்துக் குடுக்கப் போறாங்கன்னு நெனச்சு, நான் பெரிய இவனாட்டம் நீலம்னு சொல்லிட்டேன். அவ்ளோதான், மச்சான சைக்கிள்ல வெரட்டிவிட்டாங்க. அவன் கடகடையா ஏறி எறங்கி, எங்கயும் நீலக் கலரு இல்லன்னு வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்கிறான். அத்தைக்கு மூஞ்சி செத்துப் போச்சு. மாப்ள வாயத் தொறந்து கேட்ட மொதப் பொருளு, இல்லன்னு சொல்லும்படி ஆயிடுச்சேன்னு.

நீங்க சிரிக்கிறீங்கல்ல? எங்க ஆபீஸும் இப்படித்தான் சிரிச்சுச்சு. நான் அவங்க மாதிரியே கழுத்த ஒரு பக்கம் சாச்சு, இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவேன். புதுசா யாரு வேலைக்குச் சேந்தாலும், யோவ், உன் மாமியாரப் பேசிக் காட்டுய்யாம்பாங்க. எனக்கும் ஒரு மாதிரி குஷி. ஆபீஸ்ல என்னைய வேற எதுக்கு யாரு கூப்பிட்டா? டைப் அடிக்கிறவன ஏன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். அத்தைய வெச்சுத்தான் எனக்கு ஒரு பேரே வந்துச்சு.

அவங்க கொடுமக்காரங்களா, அதான் நக்கல் பண்றியான்னு கேக்குறீங்க. ஐயையோ, அந்தப் பாவத்தையும் சேத்துக்க வேணாம்ணே. எங்க புள்ள பொறந்தப்ப வந்தவங்க, போகவே இல்ல. வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியில மாத்தி மாத்தி ஷிப்டு. எனக்குத் துணி தொவச்சு மடிச்சு வெக்கிறதுலேர்ந்து எல்லாம் அவங்கதான். நான் வீட்டுக்குள்ள நொழஞ்சா எந்திரிச்சு நிப்பாங்க இன்னிக்கும். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு.

அப்புறம் இந்தப் புதுச் சரக்கு வந்துச்சா, மேனேஜர் ஸ்பீக்கர்ல போட ஒரு வேடிக்கையான குரல் வேணும்னாரு. ஒரு பொம்பளையப் பேச வெச்சுப் பாத்தாங்க, சரிப்படல. உன் மாமியாரவே பேச வெச்சுக் கொண்டாய்யான்னு அவரு விளையாட்டாத்தான் சொன்னாரு. நான் நெஜமாவே கொண்டுபோய்க் குடுத்தேன்.

ஆமாண்ணே. நீங்க காலைலேர்ந்து ஊரெல்லாம் போட்டுக்கிட்டு வர்றீங்களே, யாரு வந்தாலும் சரி, ஒரு கலராவது குடிச்சிட்டுப் போங்கன்னு, அது எங்க அத்தைதான்.

ஏமாத்தித்தான் வாங்கினேன். அத்தை, கம்பெனிக்கு உங்க குரல் வேணுமாம், விருந்தாளி வந்தா என்ன சொல்வீங்களோ அதச் சொல்லுங்கன்னு செல்போன நீட்டினேன். இருங்க மாப்ளன்னு உள்ள போனவங்க, மூஞ்சி கழுவி, தல வாரி, நல்ல துணியா மாத்திக்கிட்டு வர்றாங்க. மூஞ்சியெல்லாம் தெரியாது அத்தை, குரல் மட்டும்தான்னேன். இருக்கட்டும், கேக்குறவங்களுக்கு ஒரு மரியாத வேணாமான்னு சொன்னாங்க. அப்பவாச்சும் எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல.

அதுக்கு அடுத்தாப்ல வர்றது அவங்களுக்குத் தெரியாது. அந்தக் கொல்லுன்னு சிரிப்பு, அப்புறம் விளம்பரத்துல ஒரு பய வந்து, ஐயோ பாட்டி, எந்தக் காலத்துல இருக்கீங்க, இது கலரு இல்லன்னு சொல்லி நம்ம புதுப் பேரச் சொல்றான் பாருங்க, அது எதுவும் தெரியாது. சொல்லல. எப்படிச் சொல்றது? மாப்ள, என் குரல் எப்ப வரும், எப்ப வரும்னு தெனம் கேப்பாங்க. வரும் அத்தை, வண்டி வேற ஊருக்குப் போயிருக்கு, இன்னும் முடியலன்னு ஒவ்வொண்ணா அளந்துவிட்டேன். வீட்டுக்காரிகிட்டயும் மூச்சு விடல. தெரிஞ்சா அவ என்னைய மனுசனா மதிப்பாளா? எனக்கே என்னைய மதிக்கத் தோணல, அவளச் சொல்லி என்ன பண்றது?

என்ன சொல்றீங்க? வயசானவங்க பெருசா எடுத்துக்க மாட்டாங்களா? ஊரு சிரிச்சா எடுத்துக்க மாட்டாங்கண்ணே, அதெல்லாம் தாங்குற ஆளுதான். கறிகாய் வாங்கப் போறப்ப அவங்க பேச்சக் கேட்டு எவனாவது சிரிச்சாக்கூட, இவங்களும் சேந்து சிரிச்சிட்டு வந்துடுவாங்க. நான் அதுக்குப் பயப்படல.

சரி, இப்படிப் பண்ணலாமா? தெருவுக்குள்ள போங்க. அவங்க பேசுற வரைக்கும் ஓடட்டும். முடிஞ்ச ஒடனே பட்டுன்னு அணைச்சிடலாம். நானே பக்கத்துல உக்காந்து பட்டன அமுக்குறேன். ஆங்? ஆமால்ல. போங்கன்னு அவங்க வாய மூடுறதுக்குள்ளயே சிரிப்பு வந்துடுதுல்ல. எடவெளியே இல்ல. அப்படித்தான் வேணும்னு மேனேஜர் ஒட்ட வெச்சாரு.

அந்தச் சிரிப்பு எப்படி எடுத்தாங்கன்னு சொல்லட்டுமா? அவங்க குரல ஓடவிட்டு, ஆபீஸ்ல எல்லாரையும் நிக்க வெச்சு சிரிக்கச் சொன்னாரு. ஒருத்தனுக்கும் சரியா வரல. கணக்கருக்கு இருமல் வந்துச்சு. வாட்ச்மேன் நான் மாட்டேன்னு வெளிய போயிட்டாரு. கடைசியில ஒருத்தன் சிரிச்சதுதான் நல்லா இருக்குன்னு அத மட்டும் வெச்சுக்கிட்டாங்க.

நான்தாண்ணே அது.

திட்டணும்னா திட்டிடுங்க. தெரு முழுக்க இருக்கிறவங்களுக்கு அது எவனோ சிரிக்கிறான். அவங்களுக்கு அப்படி இல்லண்ணே. புள்ளையோட வெளையாடிக்கிட்டு நான் சிரிச்சா, அடுப்படியிலேர்ந்தே மாப்ள இன்னிக்கு சந்தோசமா இருக்காருன்னு சொல்றவங்க. என் சிரிப்ப அவங்களுக்குத் தெரியாதா?

வண்டி அந்தப் பக்கம் போகாம விட்டாத்தான் என்னன்னு இருந்தேன். ஆனா முனைக் கடைக்காரரு காலைலயே வாய விட்டுட்டாரு, உங்க மாப்ள கம்பெனி வண்டி இன்னிக்கு நம்ம தெருவுக்கு வருதாம்மான்னு. கேட்டதுலேர்ந்து அவங்களுக்குக் கால் தரையில நிக்கல. நான் வீட்ட விட்டுக் கெளம்புறப்பவே அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களையெல்லாம் கூட்டியாச்சு. வாசல்ல நாற்காலி போட்டு, வாளியில ஐஸப் போட்டு, அதுல வரிசையா பாட்டில். வந்தவங்களுக்கு ஒண்ணொண்ணு கையில குடுத்தாச்சு. இவங்க மட்டும் உக்காரல, இரும்புக் கேட்டப் புடிச்சுக்கிட்டு நின்னு ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்காங்க.

அந்த நல்ல துணியத்தான் இன்னிக்கும் உடுத்தியிருக்காங்க.

வண்டி எடுக்குறீங்களா? எந்தப் பக்கம்ணே? இல்ல, நான் எறங்கல. உங்ககிட்டச் சொல்லிட்டு ஓடிப்போயிடலாம்னுதான் வந்தேன், ஆனா எறங்கல. நீங்க பாத்து முடிவு பண்ணுங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு மட்டும். அந்தத் தெருவுக்குள்ள போனீங்கன்னா, வீட்டுக்கிட்ட கொஞ்சம் நிறுத்துங்க. வெயில்ல வண்டி ஓட்டிக்கிட்டு வர்ற தம்பிக்குன்னு ஒரு கலரு தனியா எடுத்து வெச்சிருக்காங்க.