பால் வடியாத காளான்

மழை விட்ட மறுநாள் வாழவந்திப் பக்கம் நடந்து பாருங்கள் சார், மனசுக்கு அவ்வளவு இதமாக இருக்கும். காட்டோரச் சருகுக்கடியில் பால் காளான் தலை காட்டும். கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. குடையின் நடுப்பகுதி தட்டுப்போலக் குழிந்திருக்கும். காம்பை ஒடித்தால் சாக்பீஸ் மாதிரி பட்டென்று ஒடியும், நார் உரியாது. குடைக்கடியில் உள்ள மடிப்பை நகத்தால் கீறினால் வெள்ளைப் பால் துளிர்க்கும்.

இருபது வருடமாக ஊர்ப் பெண்கள் என்னிடம் காட்டிவிட்டுத்தான் காளானை அடுப்பில் ஏற்றுவார்கள். "அங்கப்பண்ணன் பாத்துட்டாருங்களா?" என்பார்கள்.

போன ஆடியில் பஸ் டிரைவர் வெங்கடேஷின் மனைவி கவிப்பிரியா போனில் ஏதோ ஒன்றை ஏற்றி வைத்துக்கொண்டாள். படம் எடுத்தால் காளானின் பெயரைச் சொல்லுமாம். ஒரே மாதத்தில் கூடைகளெல்லாம் அவள் வீட்டுக்குத் திரும்பின. நல்ல பெண் சார். எனக்கு அவள்மேல் கோபமே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடையோடு என் வாசலில் நின்றாள்.

"பால் காளான்னுதானுங்க மாமா போன் சொல்லுது. நீங்களும் ஒரு பார்வை பாத்துருங்க."

மேலே கிடந்தது பால் காளான்தான். அதைத்தான் படம் எடுத்திருந்தாள். அடியில் நான்கு மட்டும் வேறு. வெள்ளை வெளேரென்று, காம்பில் வளையம், அடியில் முட்டை ஓடு உடைந்தாற்போல ஒரு கிண்ணம். ஒன்றை எடுத்துக் கீறினேன். பால் வரவில்லை. நகத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"போனே சொல்லிருச்சில்ல கண்ணு, அப்புறம் நான் எதுக்கு?"

சிரித்துக்கொண்டே போனாள். கொஞ்சம் வயிற்று வலி வரும், போனைத் தூக்கிப் போடுவாள் என்றுதான் நினைத்தேன். அந்த வெள்ளைக் காளான் ஆளைக் கொல்லும் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தவனே நான்தான், அது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் வாந்தி. சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து வெங்கடேஷ் கூப்பிட்டான். ஞாயிறன்று அவன் டூட்டியில் இருந்ததால் காளானைச் சாப்பிடவில்லை.

"மாமா, எந்தக் காளான்னு டாக்டர் கேக்கறாருங்க. தெரிஞ்சா அதுக்குத் தக்க வைத்தியம் பாக்கலாமாம். நீங்க கூடையப் பாத்தீங்கன்னு இவ சொல்றாளுங்க."

"பாத்தேன் சாமி. பால் காளான்தான். வேற எதையாச்சும் தின்னிருக்கும் புள்ள."

ஐந்தாம் நாள் போய்விட்டாள். இருபத்தாறு வயசு.

அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறீர்கள். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கப்பன் கையில் எடுத்துப் பார்த்தும் அவனுக்குத் தெரியவில்லை என்றல்லவா ஊர் பேசியிருக்கும்? அதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனிதன் எப்படி சார் இருக்க முடியும்?