வீடு மாறியவர்கள்

உங்கள் விசாரணைப் படிவம் பரவாயில்லை, மேடம். ஒன்பதாவது கேள்வி மட்டும் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கேட்கிறது. என் மாணவர்கள் எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். முப்பது வருடம் சமூகவியல் துறையில் கேள்வி தயாரித்தே காலம் தள்ளியவனுக்கு இந்தப் பழக்கம் லேசில் போகாது. கேளுங்கள், எல்லாவற்றையும் சொல்கிறேன்.

தனியாக வசிக்கும் முதியவர்களின் வீட்டுக்கு வாரம் ஒரு முறை நகராட்சி நர்ஸ் போகும் திட்டம் உங்களுக்குத் தெரியும். அது வீண் என்று நாளிதழில் எழுதியவன் நான். பேச்சுத்துணை வேண்டும் என்பது நோயல்ல, அதற்கு நர்ஸை அனுப்ப வேண்டியதில்லை என்பது என் வாதம். கட்டுரை பேசப்பட்டது; டிவி விவாதத்துக்கெல்லாம் கூப்பிட்டார்கள். பிறகு நகராட்சியே வந்து, நிரூபித்துக் காட்டுங்கள் என்றது. நானூறு வீடுகளை எடுத்தோம். இருநூறுக்கு நர்ஸ் வழக்கம்போல் போவார். மீதி இருநூறுக்கு ஆறு மாதம் போகமாட்டார். எந்த வீடு எந்தப் பக்கம் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டது.

என் அக்காவின் வீடு நர்ஸ் போகாத பக்கத்தில் விழுந்தது.

பட்டியலிலிருந்து எடுத்திருக்கலாம். ஆனால் சொந்தக்காரிக்கு மட்டும் சலுகை என்றால் அது என்ன ஆராய்ச்சி? அன்றைக்கு என் நேர்மையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அம்மா போனபோது எனக்கு ஐந்து வயது. அக்கா படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அந்த மெஷின் ஓடியதால்தான் நான் பேராசிரியர். என் கட்டுரைகளைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டிவைப்பாள். நர்ஸ் திட்டம் வேண்டாம் என்று எழுதியதையும் ஒட்டியிருந்தாள். "பக்கத்து வீட்டம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன்டா. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியல. ஆனா நல்லா இருந்துச்சு" என்றாள்.

மூன்றாம் வாரம் போன் செய்தாள்.

"நர்ஸம்மா ஏன்டா வரதில்ல? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"விசாரிக்கிறேன்க்கா."

"பரவால்ல விடு. நீ ஒரு நடை வந்துட்டுப் போயேன்."

"வேலை தலைக்கு மேல கிடக்குக்கா."

பொய்தான். நர்ஸ் போகாத வீட்டுக்கு நான் போய் மாத்திரையை எடுத்துக் கொடுத்தால், ஆய்வு கெட்டுவிடும். அதனால் போகவில்லை. என் வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. ஆறு மாதம் போகவில்லை.

கடைசி வாரம் நானூறு வீட்டுக் கதவையும் தட்டி, உடல்நிலையைக் கேட்டு எழுத வேண்டும். கொண்டையில் எப்போதும் பென்சில் செருகியிருக்கும் ஒரு பெண் களப்பணிக்கு வந்தாள். அவளை எல்லோரும் பென்சில் என்றே கூப்பிடுவோம். நர்ஸ் போன பக்கத்தில் மூன்று கதவுகள் திறக்கவில்லை. போகாத பக்கத்தில் பதினாறு. திறக்காத கதவுக்குப் படிவத்தில் நான் ஒரு கட்டம் வைத்திருந்தேன்: வீடு மாறியவர். அதில் குறி விழுந்தால் அந்த வீடு கணக்கிலேயே வராது. திறந்த கதவுகளை மட்டும் எடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, நலமாகத்தான் இருந்தன.

பென்சில் என் அறைக்கு வந்து நின்றாள். "சார், பல வீட்டுல செருப்பு வாசல்லயே கிடக்கு. வீடு மாறிப் போறவங்க செருப்பை விட்டுட்டா போவாங்க?"

"விதி விதிதாம்மா. குறி போடு" என்றேன். அவள் முகம் சரியில்லை. அவள் வாயை அடைக்கத்தான் மறுநாள் நானும் கூடப் போனேன். அன்றைய பட்டியலில் அக்காவின் வீடு இருந்தது. அது யார் வீடு என்று பென்சிலுக்குத் தெரியாது.

முந்தின நாளிலிருந்தே அக்கா போனை எடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

பென்சில் கதவைத் தட்டினாள். உள்ளே தரையை ஒட்டி ஒரு சத்தம் கேட்டது. டக், டக் என்று, விட்டு விட்டு.

"சார், உள்ள யாரோ இருக்காங்க சார்."

"பக்கத்து வீட்டுச் சத்தம்மா. எழுதிக்கோ."

வீட்டின் இன்னொரு சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கதவைத் திறந்தால், நர்ஸ் போகாத வீட்டில் ஒருத்தி விழுந்து கிடக்கிறாள் என்று எழுத வேண்டும். எழுதினால் மற்ற பதினைந்து கதவுகளையும் உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆய்வு முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. பென்சில் மறுபடியும் கதவைத் தட்டப் போனாள். படிவத்தை வாங்கி நானே குறி போட்டேன்.

மூன்றாம் நாள் காலை, கடைசிப் படிவமும் வந்து சேர்ந்த பிறகு போய்க் கதவைத் திறந்தேன். வாசற்படியை ஒட்டியே கிடந்தாள். கையில் மருந்து பாட்டில் இருந்தது. அதை வைத்துத்தான் தட்டியிருக்கிறாள். உடம்பு இன்னும் முழுக்கக் குளிர்ந்திருக்கவில்லை. மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு அழுதேன், மேடம். என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான்.

வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்கிறீர்கள். அதற்கு நேரான பதில் இதுதான்: சத்தம் கேட்டது, யார் என்று தெரிந்தது, சாவி இருந்தது, திறக்கவில்லை. பதினாறு வீடுகளுக்கும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அக்கா விஷயத்தில் மட்டும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அவளைக் கைவிடவில்லை. இரண்டே நாள்தான் கேட்டேன். எனக்காக என்றால் அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பாள்.