பின்னால் எடுக்கக் கூடாத வண்டி

என் பெயர் ராஜமாணிக்கம், வயது நாற்பத்தேழு, தகப்பனார் பெயர் பெரியதம்பி. திருவண்ணாமலை வட்டம் அடி அண்ணாமலை கிராமத்தில் என் மனைவி காசியம்மாளுடன் குடியிருந்து வருகிறேன். கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் சொந்த மனையில் தகரக் கொட்டகை போட்டு, பழைய கார்களுக்கு அடிப்பாகம் கட்டிக் கொடுக்கும் வெல்டிங் பட்டறை நடத்தி வருகிறேன். இன்று அரசு மருத்துவமனையில், என் மனைவியைச் சேர்த்திருக்கும் வார்டுக்கு வெளியே, சார்பு ஆய்வாளர் அவர்கள் கேட்க நான் சொல்வதாவது:

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் அருணகிரி என்பவரை எனக்குத் தெரியும். அவருடைய தகப்பனார் ஓட்டிய அம்பாசடர் கார் ஒன்று, மண்டிக் கொட்டகையில் மூட்டைகளுக்கு நடுவே நெடுங்காலம் சும்மா கிடந்தது. அதைப் புதுப்பித்து, ஆவணியில் நடக்கவிருக்கும் தன் ஒரே மகள் எழிலரசியின் திருமணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அதையே ஓட்டிவர வேண்டும் என்பது அவர் ஆசை. இன்ஜினை மாற்றி, ஏசி வைத்து, பெயின்ட்டும் அடித்த பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார். "முன்னாடி குந்தறவன் ராஜா, பின்னாடி குந்தறவன் கூஜா மாதிரி குலுங்குறான் மாணிக்கம். இதுக்கு ஒரு வழி பண்ணு" என்றார். நானும் ஒப்புக்கொண்டேன்.

பழைய வண்டிகளில் பின் அச்சைத் தாங்குவது கமான் பட்டை. இரும்புப் பட்டைகளை வில்லாக வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. வண்டியின் எடையைச் சுமப்பதும் அதுதான், அச்சு முன்னே பின்னே போகாமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். அதைக் கழற்றிவிட்டு இந்தக் காலத்து வண்டிகளில் இருப்பதுபோல் சுருள் ஸ்பிரிங் வைத்தால் சவாரி மெத்தென்று இருக்கும். ஆனால் சுருள் ஸ்பிரிங் சுமக்குமே தவிர எதையும் பிடித்துக்கொள்ளாது. ஆகவே அச்சை வண்டியின் அடிச்சட்டத்தோடு நான்கு இரும்புத் தண்டுகளால் பிணைக்க வேண்டும். அந்தத் தண்டுகளைப் பூட்டும் பிராக்கெட்டுகளை நானே தகடு வெட்டி, வளைத்து, அடிச்சட்டத்தில் வெல்டிங் வைப்பேன். ஒரு பிராக்கெட் விட்டாலும் அச்சு கோணிக்கொள்ளும். அப்புறம் ஸ்டியரிங் யார் கையில் இருந்தாலும் ஒன்றுதான்.

இந்த பிராக்கெட்டுகளை எடுத்த எடுப்பில் முழுதாக வெல்டிங் வைப்பதில்லை. அங்கங்கே பொட்டு வைத்தாற்போல ஒட்டி நிறுத்துவோம். இதை டேக் அடிப்பது என்போம். அதன் பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, அதன் சொந்த எடையில் உட்காரவிட்டு, அச்சு நேராக இருக்கிறதா என்று பார்த்த பின்பே முழு வெல்டிங் வைப்பது முறை. அதன்படி நேற்றே டேக் அடித்து வண்டியை இறக்கி வைத்திருந்தேன். இன்று பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்தே எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. கரண்ட் வந்ததும் முழு வெல்டிங் வைப்பதாக இருந்தேன். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வண்டி நான்கு சக்கரத்தில் நின்றது, கல்யாண மாப்பிள்ளை போல மினுமினுத்தது, வேலையும் முடிந்துவிட்டது.

அதன் பிறகு அருணகிரியும் அவர் மனைவி சந்திரகலாவும் மைத்துனர் சரவணகுமாரும் ஒரு குருக்களை அழைத்துக்கொண்டு மாலை, பூசணிக்காய், எலுமிச்சம்பழங்களுடன் வந்து இறங்கினார்கள். "வேலை முடியலீங்கண்ணே, டேக்குதான் அடிச்சிருக்கேன்" என்று சொன்னேன். அதற்கு அருணகிரி, "நாளைக்கு ஆடி பொறந்துடும். அப்புறம் பூஜைய எங்க போடறது? இன்னிக்குப் பூஜைய மட்டும் போட்டுடறேன். வண்டி இங்கியே கெடக்கட்டும். ஆடி பூரா நீ பொறுமையா வேலைய பாரு" என்றார். அவர் சொன்னதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தாலும் தெரியவில்லை. நான்கு சக்கரத்துக்கும் கீழே வைத்த எலுமிச்சம்பழம் நசுங்குகிற அளவுக்கு முன்னால் உருட்டினால் போதும், அதன் பிறகு ஆட்கள் சேர்ந்து கையாலேயே பின்னால் தள்ளிக் கொட்டகைக்குள் விட்டுவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். அப்போது என் மனைவி வீட்டில் ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு அவள் காதில் விழவில்லை.

சாவியை நீ வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாமே என்று சார்பு ஆய்வாளர் கேட்டார்கள். பூஜையில் சாவி தட்டில் இருக்கும். குருக்கள் எடுத்து உரிமையாளர் கையில் கொடுப்பார். நடுவில் புகுந்து அதைப் பிடுங்கும் புத்தி எனக்கு வரவில்லை.

அதன் பிறகு குருக்கள் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். என் மனைவி ஆரத்தி எடுத்தாள். திருஷ்டிப் பூசணிக்காயைச் சுற்றி உடைப்பது பட்டறைக்காரனான என் வேலை என்பதால், நான் அதை எடுத்துக்கொண்டு ரோட்டு ஓரத்துக்குப் போய் உடைத்தேன். மலை சுற்றுகிறவர்கள் செருப்பில்லாமல் வருவார்கள், யாராவது வழுக்கி விழுந்து வைக்கப் போகிறார்கள் என்று, குனிந்து சில்லுகளைப் பொறுக்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் இன்ஜின் கிளம்பியது. பழம் நசுங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். வண்டி அதோடு நின்றுவிடும் என்றிருந்தேன். அது என்னைத் தாண்டி ரோட்டில் ஏறியது.

"அண்ணே, நிறுத்துங்கண்ணே" என்று கத்தி இரண்டு கைகளையும் ஆட்டினேன். வண்டிக்குள் பக்திப் பாட்டு பலமாக ஓடிக்கொண்டிருந்தது. அருணகிரி, நான் வழியனுப்புகிறேன் என்று நினைத்து, ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டிவிட்டுப் போனார். பின் சீட்டில் சந்திரகலா அம்மாளும், அவர் பக்கத்தில் என் மனைவியும் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் கட்டிய எந்த வண்டியிலும் அதுவரை என் மனைவி ஏறியதில்லை. நானும் ஏறு என்று கூப்பிட்டதில்லை.

அதன் பிறகு அருணகிரிக்குப் போன் செய்தேன். என் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்த சரவணகுமாரின் கையிலேயே அது அடித்தது. என் மனைவிக்குச் செய்தேன். அது பட்டறைக்குள் பூக்கூடையில் அடித்தது. "இன்னாத்துக்குண்ணே பதர்றீங்க, மாமா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுவாரு" என்றார் சரவணகுமார். எதைச் சுற்றி என்று கேட்டேன். மலையைக் கையால் காட்டினார்.

அதன் பிறகு என் மொபெட்டை எடுத்துக்கொண்டு விரட்டினேன். வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் வண்டி கண்ணுக்குத் தெரிந்தது. அருணகிரி வேகமாக ஓட்டினார் என்று நான் சொல்ல மாட்டேன். புதுப் பெண்ணை அழைத்துப் போவதுபோலப் பதமாகத்தான் ஓட்டினார். ஒரு வேகத்தடையில் வண்டி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியதைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. ஏனென்றால் டேக் ஒரேயடியாக விடாது. உள்ளுக்குள் ஒவ்வொரு பொட்டாகக் கீறல் விட்டுக்கொண்டே வரும், வெளியே தெரியாது. ஹாரனை விடாமல் அடித்தேன். நடந்து போகிறவர்கள் என்னைத் திட்டினார்கள். வண்டிக்குள் கேட்கவில்லை.

அதன் பிறகு ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்ததால் வண்டி நின்றது. கிட்டத்தில் போய்விட்டேன். ஆனால் மந்தை அதற்குள் பின்னால் வழிந்து, வண்டிக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டது. மொபெட்டைப் போட்டுவிட்டு ஆடுகளை விலக்கிக்கொண்டு ஓடினேன். என் மனைவி பின் கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தாள். என் கைகள் பூசணிக்காய்க் குங்குமத்தில் சிவந்து கிடந்தன. இறங்கு, இறங்கு என்று அந்தக் கைகளைத்தான் காட்டினேன். அவள் சிரித்தாள். அதன் பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து, தண்ணீரைத் தடவுவதுபோல மெதுவாக முன்னே நகர்த்திக் காட்டினாள். வண்டி அலுங்காமல் போகிறது என்று எனக்குச் சொன்னாள். என் வேலையை அவள் மெச்சியது அதுதான் முதல் தடவை. நான் ரோட்டில் நின்று அழுதுவிட்டேன். ஆடுகள் விலகியதும் வண்டி போய்விட்டது.

மறுபடி மொபெட்டை நிமிர்த்திக் கிளப்பிக்கொண்டு போனேன். குபேர லிங்கம் வருவதற்கு முன்னால் உள்ள வளைவில், இடது பக்கத்துக் கீழ் பிராக்கெட் தனியே தொங்கி ரோட்டில் பொறி பறந்ததைப் பார்த்தேன். உடனே பின் அச்சு கோணிக்கொண்டு, இடது சக்கரம் பாடியில் போய்ச் செருகியது. வண்டி குறுக்கே திரும்பி, பின்பக்கமாகவே போய்ப் புளியமரத்தில் மோதியது. வேறு வாகனம் எதுவும் குறுக்கே வரவில்லை. நடந்து போனவர்கள் யாருக்கும் அடியில்லை.

நான் போய்க் கதவைப் பிடுங்கித் திறந்தேன். அருணகிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சந்திரகலா அம்மாளுக்குக் கை முறிந்திருந்தது. என் மனைவி சீட்டுக்கும் நசுங்கிய பின் தகட்டுக்கும் நடுவில் கிடந்தாள். நினைவு இருந்தது. "காலு எங்கியோ மாட்டிக்கிச்சிங்க, கொஞ்சம் எடுத்து வுடுங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். கால் எங்கும் மாட்டியிருக்கவில்லை. இரண்டு காலும் ஒழுங்காக, செருப்புகூடக் கழலாமல் இருந்தன. "எடுத்துட்டேம்மா" என்று சொன்னேன்.

அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்து மூவரையும் இந்த மருத்துவமனைக்கு ஏற்றி வந்தார்கள். ரோட்டில் கிடந்த வண்டியை, பின் அச்சு போய்விட்டதால் வேறு வழியில்லாமல், பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டிப் பின்னோக்கியே இழுத்துப் போனதாகக் காவலர் சொல்லத் தெரிந்துகொண்டேன்.

மருத்துவமனையில் அருணகிரி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். முதல் தடவை ஏறும்போது இன்னொரு சுமங்கலியும் கூட வரட்டும் என்று சந்திரகலா அம்மாள்தான் என் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார். பழம் நசுங்கியதும், இரண்டடிதானே, தள்ள ஆட்கள் எதற்கு என்று அருணகிரி வண்டியைப் பின்னால் எடுக்கத்தான் கியரில் கை வைத்திருக்கிறார். அப்போது என் மனைவி, "அய்யய்யோ, பூஜை போட்ட வண்டிய பின்னால எடுக்காதீங்கண்ணே. எங்க வூட்டுக்காரரு யாரையும் எடுக்க வுட மாட்டாரு. நேரா முன்னாடியே போங்க" என்று சொல்லியிருக்கிறாள். "போனப்புறம் வழியில திருப்பிக்கலாம்னுதான் பார்த்தேன் மாணிக்கம். திருப்புனா மலைய எடம் சுத்துன மாதிரி ஆயிடுமேன்னு பயமா இருந்துச்சி. ரெண்டடி தாங்கற வண்டி ஒரு சுத்து தாங்காதான்னு நெனச்சிட்டேன்" என்று அவர் அழுதார்.

என் மனைவி சொன்னது உண்மை. பட்டறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு வண்டிக்கும் அந்த வார்த்தையை நான் சொல்லித்தான் அனுப்புவேன். வண்டிகளை வாசலைப் பார்த்தே நிறுத்தி வேலை செய்வதும் அதற்காகத்தான். இன்றைக்கு மட்டும், கையால் தள்ளுவது வேறு, கியர் போட்டு எடுப்பது வேறு என்று எனக்குள்ளேயே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை.

இது சம்பந்தமாக யார் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சார்பு ஆய்வாளர் கேட்டார்கள். அருணகிரி, தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். அதைக் கேள்விப்பட்ட என் மனைவி, பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவர் பேரில் எழுத வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லி அனுப்பினாள். அப்படியானால் என் பெயரை எழுதுங்கள் என்றேன். புகார் கொடுக்கிறவரும் நீயே, எதிரியும் நீயே என்றால் எப்படியய்யா எழுதுவது என்று தலைமைக் காவலர் பேனாவை நிறுத்திவிட்டார். நடந்ததற்கு ஆளாளுக்கு ஒரு துண்டு பொறுப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒட்டவைத்துப் பார்த்தால் ஒருவர் முகமும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் என் மனைவியை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போக வேண்டும் என்றார்கள். ஆள் போதாது என்பதால் நானும் கால் பக்கம் பிடித்து ட்ராலியைத் தள்ளினேன். வாசல் மேட்டில் என் பக்கத்துச் சக்கரங்கள் தடுக்கி, ஏறிக் குதித்தன. போர்வைக்குள் அவள் கால்கள் இரண்டும் துள்ளி விழுந்தன. ட்ராலியை நிறுத்தி, வலித்ததா என்று கேட்டேன்.

"எது? ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள். அதன் பிறகு, "உங்க வண்டி மாதிரியே போவுதுங்க. அலுங்கவே இல்ல" என்றாள்.

ஸ்கேன் அறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். டாக்டர் இன்னும் வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேலே எழுதியிருப்பது முழுவதும் நான் கண்டதும், செய்ததும், பிறர் சொல்லக் கேட்டதும்தான். படித்துக் காட்டினார்கள், சொன்னபடியே இருக்கிறது. எதிரி பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அது தெரிந்துதான் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
பெ. ராஜமாணிக்கம்