கன்னியம்மா பிரித்த கற்கள்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் சாராள் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு இந்தத் திறந்தவெளி அரங்கத்துக்கு வந்திருக்கும் அன்னையர்களே! தாம்பரத்துத் தங்கங்களே! வணக்கம்.

காட்டாங்குளத்தூர்க் கல்லூரி ஒன்றில் நான் நிலவியல் ஆசிரியன். அங்கே துப்புரவுப் பணி செய்பவர், இதோ மேடையில் அமர்ந்திருக்கும் கன்னியம்மா. அதற்கு முன்பு பதினான்கு ஆண்டுகள் பல்லாவரத்து மலையில் கல் உடைத்தவர். கைதட்டுங்கள், அவர் வெட்கப்பட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்!

சென்ற ஐப்பசி மழையில் பாடத்துக்காகப் பல ஊர்க் கற்களைச் சேர்த்துவைத்திருக்கும் எங்கள் அறைக்குள் வெள்ளம் புகுந்தது. அறுபது கற்களின் பெயர்ச்சீட்டுகளும் கரைந்தன. எது எந்த ஊர்க் கல்? படித்த நாங்கள் விழித்தோம்.

"நம்ம பல்லாவரத்துக் கல்ல நான் பொறுக்கித் தரட்டா சார்?" என்றார் கன்னியம்மா. தொட்டார், தட்டினார், வெளிச்சத்தில் திருப்பினார். எட்டுக் கற்களை எடுத்து வைத்தார்.

அவற்றில் ஒன்றின் அடியில் பெயிண்டில் எழுதிய எண் தப்பியிருந்தது. பதிவேட்டைப் புரட்டினேன். அண்டார்டிகா! மாணவர்கள் முன்னால் சிரித்துவிட்டேன். "பனிக்கட்டி தேசத்துக் கல்லைப் பல்லாவரம்னு சொல்றீங்களேம்மா!"

அவர் முகம் சிறுத்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "சிரிக்காத சார். எங்கேர்ந்து வந்துச்சோ எனக்குத் தெரியாது. ஆனா இதுவும் அதுவும் ஒரே கல்லுதான். ஒடச்ச கை சார் இது!"

அந்தக் கல்லையும் பல்லாவரத்துக் கல் ஒன்றையும் மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். பெரியோர்களே, என் தலை குனிந்தது! ஒரே வகைப் பாறை!

இருபது ஆண்டுகளாக நான் நடத்திய பாடமே அதுதான். இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கிடந்த பெருநிலம் கோண்டுவானா. அதற்கும் முன்பு ரொடினியா என்றொரு பெருநிலம் கூடியது, பிளந்தது. ஏறத்தாழப் பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பு நம் நிலம் அண்டார்டிகாவைப் பிரிந்து வடக்கே நகர்ந்தது. அந்த உண்மை என் நாவில் இருந்தது. அவர் கையில் இருந்தது!

அதே மாணவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். என்ன அண்ணா சொல்கிறீர்கள் பின்னாலிருந்து? "கேக்கத்தான் வேணும்" என்றா? உண்மை, உண்மை!

நிலம் பிரிந்த கதையை அவருக்கும் சொன்னேன். கன்னியம்மா கேட்டார்: "பிரிஞ்சதெல்லாம் மறுபடி சேருமா சார்?"

"சேரும்மா. இருபது, இருபத்தைந்து கோடி வருஷம் ஆகும்னு கணிக்கிறாங்க."

"அவ்ளோ நாளா! நாம அதுக்குள்ள சேந்துக்கலாம் சார்" என்று சிரித்தார்.

கற்றவனுக்கு மட்டுமா கல் பேசும்? கல்லூரிக்குள் மட்டுமா அறிவு வாழும்? இல்லை, இல்லவே இல்லை! இன்று எங்கள் கற்களின் இந்தக் கண்காட்சியைத் திறந்துவைத்து, ஒவ்வொரு கல்லையும் உங்களுக்கு விளக்கப்போகும் ஆசிரியர் கன்னியம்மா! உங்கள் பிள்ளைகளைக் கேள்விகளோடு அவரிடம் அனுப்புங்கள்.

மழைத் தூறலிலும் எழாமல் அமர்ந்து செவிகொடுத்த உங்கள் அன்புக்கு நன்றி கூறி, ஒலிவாங்கியை அவரிடம் ஒப்படைக்கிறேன். வணக்கம்!